வெள்ளை நாடாவும் வெள்ளை ஆடையும்



விண்ணரசில் பெரியவன் யார் என்று சீடர்கள் கேட்டபோது நம் ஆண்டவர் அவர்களுக்கு நீண்ட விளக்கம் கொடுக்கவில்லை. ஒரு குழந்தையை அழைத்து அவர்கள் நடுவிலே நிறுத்தினார். அதன்பின் அவர் சொன்னவை, அவர் திருவாயிலிருந்து பிறந்த சொற்களுள் மிகக் கடுமையானவை. சிறியவருள் ஒருவரையேனும் இடறி விழச் செய்கிறவனுக்கு வரும் கேட்டைச் சொல்வதற்கு, அவர் எந்திரக் கல்லையும் ஆழ்கடலையும் எடுத்துக் காட்டினார் (மத். 18:1-6).

இப்பகுதி பூசையில் வாசிக்கப்படும்போது நம் எண்ணம் உடனே வெளியாரிடம் ஓடுகிறது. கெட்ட நண்பர்கள், கெட்ட புத்தகங்கள், சந்திகளில் நிற்கும் கூட்டங்கள் என்று இடறலைத் தெருவிலே தேடுகிறோம். செபம் தவறாத வீட்டிலே, வேதாகமம் வாசிக்கப்படும் மேசையிலே, பிள்ளைகள் மேல் உண்மையான கரிசனை கொண்ட தந்தையின் கையாலேயே இடறல் வரக்கூடுமா? இக்கேள்வியை இன்று தியானிப்போம். அதற்குத் துணையாக ஒரு திரைப்படத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஒஸ்திரிய நெறியாளர் மிக்காயேல் ஹானெக்கே ஜேர்மன் மொழியில் ஆக்கிய அப்படத்தின் பெயர் ‘வெள்ளை நாடா’. 2009ஆம் ஆண்டு மே மாதம் பிரான்ஸ் நாட்டின் கான் நகரத் திரைப்பட விழாவில் ‘தங்கப் பனை’ என்னும் முதற்பரிசு அதற்குக் கிடைத்தது. கத்தோலிக்கரும் பிற கிறிஸ்தவ சபையினரும் கூடி அமைக்கும் நடுவர் குழுவும் அவ்விழாவில் அதனைச் சிறப்பாகக் குறிப்பிட்டுப் பாராட்டியது. கறுப்பு வெள்ளைப் படம். 2 மணி 24 நிமிடங்கள் ஓடுகிறது. கதையில் வருபவர்கள் தாமே பாடுவதும் வாசிப்பதும் அன்றி, உணர்ச்சியைத் தூண்டும் பின்னணி இசை ஏதும் இல்லை. பிள்ளைகள் பிரம்படி வாங்கும் இடத்திலும், நாம் காண்பது மூடிய கதவை மட்டுமே. கதவுக்கு அப்பாலிருந்து அடியின் ஓசை வருகிறது. சிறுவர் பார்ப்பதற்குரிய படம் அன்று. பெற்றோரும் ஆசிரியரும் குருக்களும் பார்க்க வேண்டிய படம்.

கதை நிகழுமிடம் வட ஜேர்மனியில் ஐக்வால்ட் என்ற கற்பனைக் கிராமம். காலம் 1913ஆம் ஆண்டுக் கோடை முதல் 1914 ஆகஸ்ட் வரை. ஊரில் பாதிப் பேருக்கு மேல் ஒரு பிரபுவின் நிலத்தில் உழைத்துப் பிழைக்கிறார்கள். பிரபு, போதகர், வைத்தியர், பண்ணை மேலாளர் ஆகியோரே ஊரின் பெரியவர்கள். ஞாயிறு தோறும் கோவில் நிறைகிறது. பிள்ளைகள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு வணங்குகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர், எவ்வளவு ஒழுங்கான ஊர் என்று வியந்து போவார்.

அவ்வூரிலே ஒன்றன்பின் ஒன்றாகத் தீமைகள் நேர்கின்றன. இரு மரங்களுக்கிடையே எவரோ இழுத்துக் கட்டிய கம்பியில் வைத்தியரின் குதிரை தடுக்கி விழுகிறது. மரம் அரியும் ஆலையில் உக்கிய பலகை முறிந்து ஓர் ஏழைக் குடியானவனின் மனைவி இறக்கிறாள். அவளுடைய மகன் ஆத்திரம் தாளாமல் பிரபுவின் கோவாத் தோட்டத்தை வெட்டி வீழ்த்துகிறான். பிரபுவின் சிறுமகன் கட்டிவைத்து அடிக்கப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்படுகிறான். களஞ்சியம் ஒன்று தீப்பற்றி எரிகிறது. ஈற்றில், மருத்துவிச்சியின் மகனான, மூளை வளர்ச்சி குன்றிய ஒரு பாலகன், கண்பார்வையே போய்விடும் அளவுக்கு வதைக்கப்படுகிறான். இவற்றைச் செய்தவர் யார் என்று படம் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் இளம் ஆசிரியர், மனம் பதைக்க ஒரு முடிவுக்கு வருகிறார். ஒவ்வொரு கேட்டின் பின்னும் அவ்விடத்தில் கூடி நின்று நலம் விசாரித்த அந்த அடக்கமான பிள்ளைகளின் மேல், போதகரின் மூத்த மகள் கிளாராவும் அவள் தம்பி மார்ட்டினும் உள்ளிட்ட அக்கூட்டத்தின் மேல், அவருடைய சந்தேகம் விழுகிறது.

படத்தின் பெயருக்குக் காரணமான நாடாவைக் கட்டியவர் போதகரே. ஒரு மாலை பிள்ளைகள் வீடு திரும்பச் சுணங்கிவிடுகிறார்கள். அன்று அவ்வீட்டில் எவருக்கும் இராச்சாப்பாடு இல்லை. மறுநாள் கிளாராவுக்கும் மார்ட்டினுக்கும் 10 பிரம்படி என்று தந்தை தீர்ப்பிடுகிறார். அடி முடிந்தபின் தாய் அவர்களுக்கு ஒரு வெள்ளை நாடாவைக் கட்ட வேண்டும். வெள்ளை மாசின்மையின் நிறம். அவர்கள் இழந்த தூய்மையை அந்நாடா நினைவூட்டும். தந்தையின் நம்பிக்கையை மறுபடியும் பெறும்வரை அதனை அணிந்திருக்க வேண்டும். இவ்வாறு சொல்லிவிட்டு, இந்த அடி பிள்ளைகளைவிடத் தமக்கே அதிகம் நோகும் என்றும் அவர் கூறுகிறார்.

அன்பர்களே, இம்மனிதரை வேடதாரி என்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயமன்று. அவர் பொய் பேசவில்லை. தம் பிள்ளைகள் ஆன்ம இரட்சிப்பு அடைய வேண்டும் என்று மெய்யாகவே ஏங்குகிறார். அங்கேதான் நம்மைத் தொடும் ஆபத்து இருக்கிறது. கெட்ட மனம் படைத்தவன் பிள்ளைக்குச் செய்யும் தீங்கை ஊரார் கண்டு கொள்வார்கள். நல்ல மனம் படைத்தவர், இறைவனின் பெயரைச் சொல்லிச் செய்யும் தீங்கை யார் கண்டு கொள்வார்? அடி வாங்கும் பிள்ளைக்கே அது தீங்கென்று சொல்லத் தெரியாது. தானே தீயவன் என்று மட்டும் அது கற்றுக்கொள்ளும்.

மார்ட்டின் கற்றுக்கொண்டது என்ன? ஒருநாள் அச்சிறுவன் ஓர் உயரமான பாலத்தின் மரக் கைபிடி மேல் ஏறி நடக்கிறான். பதறி ஓடிவந்த ஆசிரியர், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறார். தன்னைச் சாகடிக்க இறைவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்ததாகவும், அவர் அப்படிச் செய்யாததால் தன்மேல் அவருக்குக் கோபமில்லை என்றும் பிள்ளை விடை சொல்கிறது. இறைவன் இருக்கிறார் என்று அவன் உறுதியாக நம்புகிறான். ஆனால் தன்னைச் சாகடிக்க விரும்பாத ஒருவராக அவரை அவனால் எண்ண முடியவில்லை. போதகரின் வீட்டிலே வளர்ந்த பிள்ளை, இறைவன் தன்னை நேசிக்கிறார் என்ற ஒன்றை மட்டும் கேளாமலே வளர்ந்திருக்கிறது. மறைக்கல்வி முழுவதையும் மனப்பாடம் செய்தும் இது ஒன்று விடுபட்டால், மீதியால் பயன் என்ன?

வதைக்கப்பட்ட அந்தப் பாலகனோடு ஒரு கடிதம் கிடந்தது. தந்தையரின் பாவத்துக்காகப் பிள்ளைகளை மூன்றாம் நான்காம் தலைமுறை வரையும் தண்டிக்கும் இறைவனைப் பற்றிய வேதவசனம் அதில் எழுதப்பட்டிருந்தது. பிள்ளைகள் வேதத்தை நன்றாகவே படித்திருக்கிறார்கள்! ஆனால் பாதியிலே நிறுத்திவிட்டார்கள். யாத்திராகமத்தில் அதே இடத்தில் அடுத்த வசனம், ஆயிரம் தலைமுறைக்கும் இரக்கம் காட்டும் இறைவனைப் பற்றியது (யாத். 20:5-6). தண்டனைக்கு மூன்று நான்கு தலைமுறை, இரக்கத்துக்கோ ஆயிரம். இந்தக் கணக்கை அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எசேக்கியேல் இறைவாக்கினர் இன்னும் தெளிவாகப் பேசுகிறார்: தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை, பாவம் செய்தவனே அதற்குப் பொறுப்பு (எசே. 18:20). தந்தையின் வாயிலிருந்து நாள்தோறும் அச்சுறுத்தும் பாதியை மட்டும் கேட்ட பிள்ளைகள், அப்பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு தங்களிலும் எளியவனைத் தேடிப் போனார்கள். அடிபட்டவன் தன்னை அடித்தவனைத் திருப்பி அடிப்பதில்லை. தனக்குக் கீழே ஒருவனைக் கண்டுபிடித்து அவனை அடிக்கிறான். கொடுமை இவ்வாறே படியிறங்கி, ஊரிலே யாவரிலும் வலுவற்ற குழந்தையிடம் வந்து சேர்ந்தது.

1914 ஜூன் 28ஆம் நாள் சரயேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்ட செய்தி அக்கிராமத்தை எட்டுகிறது. ஆகஸ்டில் போர் மூளுகிறது. ஊர் முழுவதும் கோவிலில் கூட, பிள்ளைகள் பாடகர் குழுவில் நின்று பாட, படம் முடிகிறது. 1913இல் பன்னிரண்டு வயதாயிருந்த பிள்ளை, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் முப்பத்திரண்டு வயது மனிதன். அதற்கு மேல் படம் எதையும் சொல்லவில்லை. பிரம்படி ஒன்றினாலேதான் அக்கொடுங்கோன்மை பிறந்தது என்று நாமும் சொல்ல வேண்டாம்; வரலாறு அவ்வளவு எளிதன்று. ஆனால் தண்டிப்பவனே நீதிமான், தண்டிக்கப்படுபவன் இரக்கத்துக்கு உரியவனல்லன் என்று சிறுவயதில் கற்ற ஒருவன், வளர்ந்தபின் அப்பாடத்தை எங்கே மறப்பான்?

நம் நாட்டிலும் போரின் நடுவே வளர்ந்த ஒரு தலைமுறை உண்டு. 2009ஆம் ஆண்டிலும் அதற்கு முந்திய ஆண்டுகளிலும் பதுங்கு குழிகளில் நடுங்கிய சிறுவரும், உறவுகளைக் கண்முன்னே இழந்த சிறுவரும் இன்று தாய் தந்தையராய் இருக்கிறார்கள். ஆற்றப்படாத துயரம் பலவேளைகளில் கோபமாக உருமாறி வீட்டிலே வெடிக்கிறது. ஒரு கோப்பை உடைந்ததற்கு விழும் அடியில், கோப்பைக்குரிய கோபம் கொஞ்சம். பழைய காயத்தின் கோபம் அதிகம். அப்படிப்பட்ட பெற்றோரை இப்பக்கம் குற்றம் சாட்டவில்லை. உங்கள் காயத்தை இறைவனிடமும், நம்பத்தக்க ஒருவரிடமும் கொண்டு செல்லுங்கள். பிள்ளையின் முதுகில் இறக்கி வைக்காதீர்கள் என்று மட்டும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

‘அந்தப் போதகர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர், கத்தோலிக்கராகிய நமக்கு இதில் என்ன பங்கு?’ என்று எவரேனும் கேட்கலாம். தம் சந்தேகத்தை ஆசிரியர் போதகரின் அறையிலே சென்று சொல்லும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். போதகர் அதிர்ந்து போகிறார். பிள்ளைகளை அழைத்து விசாரிக்கவில்லை. வதைபட்ட குழந்தையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இதனை வெளியே பேசினால் உம்மைச் சும்மா விடமாட்டேன் என்று ஆசிரியரையே மிரட்டி அனுப்புகிறார். குடும்பத்தின் மானம் காப்பாற்றப்பட்டது. உண்மை வெளியே தள்ளிக் கதவடைக்கப்பட்டது.

அப்படம் கான் நகரில் பரிசு பெற்றது 2009 மே 24ஆம் நாள். அதற்கு நான்கு நாட்களின் முன், மே 20ஆம் நாள், அயர்லாந்து நாட்டில் நீதிபதி ஷோன் ரையன் தலைமையிலான ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய கைத்தொழிற் பாடசாலைகளிலும் சிறுவர் இல்லங்களிலும் பல பத்தாண்டுகளாக ஏழைப் பிள்ளைகள் அடிக்கும் அவமானத்துக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளான வரலாற்றை அது ஐந்து தொகுதிகளில் பதிவு செய்தது. தாங்க முடியாத தண்டனையால் எழுந்த அச்சமே அவ்வில்லங்களுட் பெரும்பாலானவற்றின் நாளாந்தச் சூழலாய் இருந்ததென்று அது கண்டது. 2010 மார்ச் 19ஆம் நாள் திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு எழுதிய மடலில், திருச்சபையின் நற்பெயரைக் காக்க வேண்டும் என்ற தவறான அக்கறையும் கேட்டுக்கு ஒரு காரணம் என ஒப்புக்கொண்டு, வெட்கத்தையும் மனத்துயரையும் வெளியிட்டார். ஆகவே சகோதரரே, அந்தப் போதகரின் அறை நமக்கும் அந்நியமானதன்று.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். பிரம்பை விலக்குபவன் தன் மகனைப் பகைக்கிறான் என்று பழமொழி ஆகமம் சொல்லவில்லையா (பழ. 13:24)? அடியாத மாடு படியாது என்று நம் முன்னோர் சொல்லவில்லையா? பிள்ளையைத் திருத்துவது பெற்றோரின் கடமை என்பதில் ஐயமில்லை. திருத்தாமல் விடுவது அன்பாகாது. ஆனால் நம் பிள்ளைகள் மாடுகள் அல்லர், இறைசாயல் பெற்றவர்கள். பிள்ளைகள் மனம் தளர்ந்து போகுமாறு அவர்களை எரிச்சலூட்ட வேண்டாம் என்று தந்தையரை எச்சரிப்பதும் அதே வேதாகமந்தான் (கொலோ. 3:21). நம் ஆண்டவர் குழந்தைகளைத் தொட்டது அவர்களை அரவணைக்கவும் ஆசீர்வதிக்கவுமே, கடிந்துகொண்டது அவர்களைத் தடுத்த சீடரையே (மாற். 10:13-16).

தூரின் நகரத்தின் சிறைகளிலே இளைஞர் சீரழிவதைக் கண்டு அவர்களுக்காகவே வாழ்ந்த புனித தொன் பொஸ்கோ, அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றின் மேல் தம் கல்வி முறையைக் கட்டினார். 1884 மே 10ஆம் நாள் ரோமாபுரியிலிருந்து தம்மவருக்கு எழுதிய மடலில், இளைஞரை நேசிப்பது மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதை அவர்களே உணர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஐக்வால்ட் போதகர் தம் பிள்ளைகளை நேசித்தார்; ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. இரண்டுக்கும் இடையிலான தூரமே அந்தக் குடும்பத்தின் அழிவு.

ஆகவே இவ்வாரம் மூன்று காரியங்களை நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் மறைப்பள்ளிகளிலும் செய்து பார்ப்போம். முதலாவது, பிள்ளையின் தவறைத் தனியே அழைத்துச் சொல்வோம். பலர் முன் நாணச் செய்யோம். கிளாரா வகுப்பிலே எல்லாப் பிள்ளைகள் முன்பும் தந்தையால் இகழப்பட்டு மயங்கி விழுந்தாள். பின்னர் அவள் பழிவாங்கியது தந்தை வளர்த்த சிறு குருவியிடம். இரண்டாவது, இறைவனின் பெயரைப் பூச்சாண்டி ஆக்காதிருப்போம். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று விளையாட்டாய்ச் சொல்லும் சொல்லும் குழந்தையின் உள்ளத்தில் ஓர் உருவத்தை வரைகிறது. அதனை அழிக்க ஆயுள் போதாமற் போகலாம். மூன்றாவது, ஒரு பிள்ளை துன்புறுகிறது என்று எவராவது நம்மிடம் வந்து சொன்னால், குடும்பத்தின் மானமும் பாடசாலையின் மானமும் பங்கின் மானமும் அப்பால் நிற்கட்டும். முதலில் பிள்ளை சொல்வதைக் கேட்போம். அதற்குப் பாதுகாப்புத் தேடுவோம்.

இருள் நிறைந்த அப்படத்திலே ஒரு விளக்கும் உண்டு. போதகரின் கடைக்குட்டி மகன் குஸ்டாவ், அடிபட்ட ஒரு குருவியைக் கண்டெடுத்து, தந்தையிடம் அனுமதி கேட்டு வளர்க்கிறான். தந்தையின் குருவி செத்தபின், அவர் துயரப்படுகிறாரே என்று எண்ணி, சுகமடைந்த தன் குருவியைக் கூட்டோடு கொண்டுவந்து அவரிடம் கொடுக்கிறான். கண்டிப்பே உருவான அம்மனிதர் கண் கலங்கி, நன்றி என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியாமல் நிற்கிறார். பிரம்பும் நாடாவும் செய்ய முடியாததை, நாடா கட்டப்படாத சின்னஞ்சிறுவனின் இரக்கம் செய்துவிட்டது. ஆண்டவர் குழந்தையை நடுவிலே நிறுத்தியதன் பொருள் இங்கே விளங்குகிறது.

நமக்கும் ஒரு வெள்ளைத் துணி தரப்பட்டதை மறவாதிருப்போம். ஞானஸ்நான நாளிலே குரு நமக்கு வெள்ளை ஆடை அணிவித்தார். அன்று நாம் செய்திருந்த நற்செயல் எது? ஒன்றுமில்லை. தொட்டிலில் கிடந்த நமக்கு அது கொடையாக வந்தது. போதகரின் நாடாவோ, நீ இழந்துவிட்டாய் என்று குத்திக்காட்டக் கட்டப்பட்டது. ஊதாரி மகன் வீடு திரும்பியபோது தந்தை அவனைப் பரீட்சிக்கவில்லை. நம்பிக்கையைத் திரும்பப் பெறும்வரை வெளியே நில் என்று சொல்லவில்லை. ஓடிச்சென்று தழுவினார், மகன் தன் மனத்தாபத்தைச் சொல்லி முடிக்குமுன்னரே, முதல்தரமான ஆடையைக் கொண்டுவரச் சொன்னார் (லூக். 15:20-24). ஆடை முதலில், சீர்திருத்தம் அதன் பின்னர். நற்செய்தியின் ஒழுங்கு இதுவே.

ஆகையால் பெற்றோரே, ஆசிரியரே, இன்றிரவு உங்கள் பிள்ளை உறங்குமுன் அதன் நெற்றியிலே சிலுவை அடையாளம் இடுங்கள். இன்று அது தவறு செய்திருந்தாலும் இடுங்கள். தவறு செய்த நாளிலே கட்டாயம் இடுங்கள். தன் தந்தையின் கை ஆசீர்வதிக்கும் கை என்று அறிந்த பிள்ளை, விண்ணகத் தந்தையின் கையையும் அஞ்சி ஓடாமல் பற்றிக்கொள்ளும். இலாசரின் கட்டுக்களை அவிழ்த்துவிடச் சொன்ன ஆண்டவர் (அரு. 11:44), அச்சத்தினால் கட்டுண்ட நம் பிள்ளைகளையும், அச்சத்தினாலே அவர்களைக் கட்டிவைத்த நம்மையும் விடுதலை செய்வாராக. ஆமென்.